மிகி நகரத்து ரம்பப் பல்

தச்சுக்கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் ஜப்பானில் இருக்கிறது. கோபே நகரில், ஷின்-கோபே ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், மரங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரையோடு நிற்கிறது தகெனகா தச்சுக்கருவி அருங்காட்சியகம். 1984இல் தொடங்கியது, 2014இல் இந்த இடத்துக்கு வந்தது. 1943இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பு, தேர்ந்த தச்சர் ஒருவருக்கு 179 கருவிகள் வேண்டும் என்று கண்டது. உளி, இழைப்புளி, ரம்பம் என்று அந்த 179ஐயும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் கை துறுதுறுக்கிறது.

நாராவிலுள்ள தோஷோதாய்ஜி கோயிலின் கூரையைத் தாங்கும் தூண்தலை அடுக்கை அசல் அளவில், ஏழு மீட்டர் உயரத்துக்குச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி அதன் கீழேயே நின்றுவிட்டேன். எங்கள் மாமல்லபுரத்தில் பல்லவர்கள் மரவீட்டின் கூரையையும் சட்டத்தையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். அவர்கள் பார்த்துச் செய்த மரக்கட்டடங்கள் நமக்கு மிஞ்சவில்லை. நாராவிலோ எட்டாம் நூற்றாண்டின் மரம் இன்னும் மரமாகவே கூரையைச் சுமக்கிறது.

அதைவிட என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது ஒரு கைரம்பம். தகட்டின் இரண்டு ஓரங்களிலும் பல் இருக்கும், ரியோபா என்கிறார்கள். தள்ளி அறுப்பதில்லை, இழுத்து அறுக்கிறார்கள். இழுக்கும்போது தகடு வளையாது என்பதால் அதை மெல்லியதாகவே அடிக்க முடிகிறது. குனிந்து பல்லைப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் ஒவ்வொரு பல்லும் குட்டி உளி: நுனி தட்டை, மரத்தின் ரேகையோடு நெடுக்காக அறுக்க. மறு ஓரத்தில் ஒவ்வொரு பல்லும் கத்தி முனை, ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம். அது ரேகையைக் குறுக்கே வெட்ட.

கூடுவாஞ்சேரியிலிருந்து நான் சுமந்து வந்த கேள்விக்குப் பதில் அந்தத் தகட்டில் இருந்தது.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் மரப்பட்டறை. தேக்கிலும் வேங்கையிலும் அலமாரி, டிராயர், பூஜை மண்டபம் செய்கிறோம். டிராயர் மூலைக்கு விரல் மூட்டு போட்டால் தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் டேபிள் சாவில் எடுக்கும் காடியின் அடி சமமாக இருந்தால்தான் மூட்டு பொருந்தும். கடையில் கேட்டதும் எடுத்து நீட்டும், கார்பைடு நுனி வைத்த டிசிடி பிளேடுகளில் பெரும்பாலும் பற்கள் மாறி மாறிச் சாய்வாகத் தீட்டியவை. பிளைவுட்டைச் சிம்பில்லாமல் அறுக்க அவை நல்லவை. காடி எடுத்தாலோ இரண்டு ஓரமும் ஆழமாக, நடுவில் மேடாக விழும். மூட்டைச் சேர்த்ததும் அந்த ஓரங்கள் கறுப்புப் பொட்டாகத் தெரியும். “அண்ணே, நல்ல பிளேடுனா எவ்வளவு ஆகும்? காடிக்குனே இரட்டை பிளேடு செட் இருக்காமே, வாங்கிடலாமா?” என்று பட்டறைத் தம்பி கேட்டபடியே இருந்தான். அந்த செட் விலையும் அதிகம். நம் சிறிய டேபிள் சாக்களின் தண்டு அதற்கு நீளமும் போதாது.

கோபேயிலிருந்து மலைகளுக்கிடையே வளைந்து போகும் ஷின்தெட்சு ரயிலில், கருவிக் கொல்லர்களின் ஊரான மிகிக்குப் போனேன். 1578 முதல் 1580 வரை போர்த்தலைவர் ஹிதெயோஷியின் படை இந்த ஊர்க் கோட்டையைச் சூழ்ந்து பட்டினி போட்டே வீழ்த்தியது. அழிந்த ஊரைத் திரும்பக் கட்டத் தச்சர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கருவி அடிக்கக் கொல்லர்கள் சேர்ந்தார்கள் என்கிறது ஊர் வரலாறு. இன்றும் ரம்பம், உளி, இழைப்புளி, கொத்துக்கரண்டி, சிறுகத்தி என்று ஊர் முழுக்க இரும்புதான். கோட்டை இருந்த மேட்டில் இரும்புத் தொழிலுக்கென்று ஒரு கோயிலே இருக்கிறது! ஆயுத பூஜையன்று ரம்பத்துக்குப் பொட்டு வைக்கும் ஊரிலிருந்து போனவனுக்கு அங்கே கைகூப்ப யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே மிகியில்தான் தகட்டை மட்டும் கழற்றி மாற்றும் ரம்பங்களையும் செய்கிறார்கள். பல்லின் நுனியை மின்சூட்டில் கடினமாக்கிவிடுவதால் அரம் அதில் ஏறாது. மழுங்கினால் புதுத் தகடுதான். விலை குறைவு, அறுப்பு அருமை. ஆனால் பல் தீட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதனால் வேலை சுருங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஊரின் சாலையோர விற்பனை நிலையத்தில், மாடி முழுக்கக் கருவிகள். அங்கே இயந்திர பிளேடுகளும் உண்டு. நான் எடுத்துப் பார்த்தவை 255 மில்லிமீட்டர் விட்டம், 25.4 துளை. நம் ஊரில் அதே பத்து அங்குல வகைக்கு 25.4 துளையும் கிடைக்கும், 30ம் கிடைக்கும். இயந்திரத்தின் தண்டை அளக்காமல் வாங்கக் கூடாது. வெளிச்சத்தில் பிளேடைத் திருப்பிப் பற்களைப் பார்த்தேன். நெடுக்கறுப்புக்கான பிளேடு ஒன்றில் எல்லாப் பற்களும் அந்த ரியோபாவின் உளிப் பற்கள்தான். எஃகின் இடத்தில் டங்ஸ்டன் கார்பைடு வந்திருக்கிறது. ஜெர்மனியில் 1920களில் பிறந்த அந்தப் பொருளை நம் லேத் பட்டறைகளில் இன்றும் விடியா என்பார்கள். வடிவம் மாறவில்லை. நுனி தட்டை என்பதால் காடியின் அடியும் சமமாகவே விழும்.

பிளேடை வாங்காமல் வைத்துவிட்டேன். இந்தப் பல்லுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை. தட்டைப் பல் தீட்டுவதற்கு மிக எளிது: ஒரே கோணம், குறுக்கே நேராக ஓர் இழுப்பு. சாய்வுப் பல்லுக்குத்தான் ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் சாதாரணமான 24 பல் நெடுக்கறுப்பு பிளேடு மலிவாகக் கிடைக்கிறது. வைரச்சக்கரம் வைத்த சிறிய சாணைக் கடையே அதைத் திரும்பத் திரும்பத் தீட்டித் தரும். காசு கொடுக்க வேண்டியது கார்பைடின் கனத்துக்கு. மெல்லிய துணுக்கு ஒட்டியதை இரண்டொரு முறை தீட்டினால் தேய்ந்துவிடும்.

பாரிமுனையில் வாங்கப் போகிறவர்கள் ‘24 பல்’ என்று மட்டும் கேட்காதீர்கள். 24 பல்லிலும் சாய்வாகத் தீட்டியது வரும். அட்டையில் நெடுக்கறுப்பு என்று போட்டிருந்தாலும் வரும். பல்லின் தலையை எதிரே பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டமாக, சதுரமாக இருக்க வேண்டும். வெட்டும் அகலம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் தகடு அதிராது. சிலவற்றில் ஒரு பல் தட்டையாகவும் அடுத்தது இரு மூலையும் சீவியதாகவும் இருக்கும். அது லேமினேட்டுக்கு நல்லது, காடிக்கு வேண்டாம்.

பட்டறைக்கு வந்ததும் கழிவுத் தேக்கில் ஒரு காடி எடுத்து, அடியில் மூலைமட்டத்தின் ஓரத்தை வைத்து ஜன்னல் பக்கம் பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் பிளேடை அன்றைக்கே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.