பரிதாபம் வேண்டாம், பாடம் போதும்

"ஹோமுக்குப் போறோம்"னு சொன்னாலே நம்ம கண்ணுல ஒரு படம் ஓடும்: யாருமே இல்லாத, எப்பவும் சோகமா இருக்கிற பிள்ளைங்க. என்.எஸ்.எஸ். சார்பா கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பாருங்க, அந்தப் படம் கலைஞ்சுடும்.

எட்டாவது படிக்கிற ஒருத்தன் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, கேக் வெட்ட வந்தீங்களா, பாடம் நடத்தவா?" கேக்கோட வர்றவங்க திரும்பி வர்றதில்லையாம். அவனுக்கு அம்மா இருக்காங்க. வேலை செய்யற இடத்துல பிள்ளையை வெச்சுக்க முடியாது, அதனால இங்க இருக்கான். 'அநாதை'ங்கிற வார்த்தை அவனுக்குப் பொருந்தவே இல்ல.

2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி 18 வயசு முடிஞ்சா இல்லத்தை விட்டு வெளியேறணும். அதுக்கப்புறம் கிடைக்கிற உதவியும் பொதுவா 21 வரைக்கும்தான். எனக்கு இப்போ 21. செமஸ்டர் ஃபீஸுக்கு இன்னும் அப்பாவைத்தான் கேட்கிறேன்!

அவங்களுக்கு நேரம் குறைவு, நண்பர்களே. பிறந்தநாளுக்கு ஒரு தடவை போறதைவிட, மாசம் ரெண்டு ஞாயிறு போங்க. செல்ஃபி வேண்டாம், அடையாளம் தெரியற மாதிரி படம் வெளியிட அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை போடுது. கணக்குப் புத்தகம் மட்டும் எடுத்துட்டுப் போங்க.