துலாக்கயிறும் கால்மிதியும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளுக்கு நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபோது துலாவும் பட்டையும் ஒதுக்கப்பட்டன. அவற்றோடு ஒதுங்கிய துலாக்கயிற்றை எவரும் பெரிதாக எண்ணவில்லை. என் பாட்டனார் மட்டும் பழைய கயிறுகள் இரண்டைச் சுருட்டி மாட்டுக்கொட்டிலின் வளையிலே தொங்கவிட்டிருந்தார்.

அவை தென்னந்தும்பினால் திரிக்கப்பட்டவை. பொச்சுமட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவிட்டு, அடித்துத் தும்பெடுத்து, முறுக்கித் திரிக்கும் தொழில் நம் கரையோரங்களில் மிகப் பழமையானது. ஆங்கிலேயர் இத்தும்புக்கு வழங்கும் 'கொயர்' என்ற பெயரே மலையாளத்துக் 'கயர்' என்பதிலிருந்து பிறந்ததுதான். நம் 'கயிறு' அதற்கு உடன்பிறப்பு. லிக்னின் மிகுந்த நாராதலால் ஈரத்தில் இது எளிதில் உக்குவதில்லை. கிணற்றுக்கு ஏற்ற கயிறு கால்மிதிக்கும் ஏற்றதாவது இதனாலேயே.

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஆண்டில் பாட்டனார் அக்கயிறுகளை இறக்கினார். கழுவி உலர்த்தி, பட்டை கட்டிய இடத்தில் உராய்ந்து நைந்த பகுதிகளை வெட்டி நீக்கி, எஞ்சிய இரண்டையும் நுனி பிரித்துப் பின்னி ஒன்றாக்கினார். இரண்டடி அகலமான கால்மிதிக்கு எவ்வளவு கயிறு வேண்டும் என்று கேட்டேன்.

"ஏழு பாகம் காணும், தம்பி."

வட்டத்தின் பரப்பைக் கயிற்றின் தடிப்பான ஓர் அங்குலத்தால் வகுத்துப் பார்த்தேன்: ஏறக்குறைய 38 அடி. அவர் கைவிரித்து அளக்கும் பாகம் ஐந்தரை அடி. கணக்கு ஒத்துவந்தது எனக்கு வியப்பாயிருந்தது. அவருக்கு அதில் வியப்பேதும் இருக்கவில்லை.

நுனியைச் சணல்நூலால் இறுகச் சுற்றி, பலகைமேல் வைத்துச் சுருளாக வளைத்து, ஒவ்வொரு சுற்றையும் உட்சுற்றோடு சாக்கூசியால் தைத்தார். பின்னர் ஊசியை என்னிடம் தந்தார். நான் தைக்கத் தைக்க விளிம்பு மேலெழுந்தது.

"இறுக்கி இழுத்தால் கடகமாகும், தளரவிட்டால் அலையடிக்கும். கயிறு தன்பாட்டிலை படுக்கவேணும்" என்று கூறி, தையலைப் பிரிக்கச் செய்தார்.

அக்கால்மிதி வாசலிற் கிடந்தது. விடுமுறையொன்றில் சக மாணவர் சிலர் வீட்டுக்கு வந்தபோது, அதனைக் கொட்டிலுக்குள் மறைத்துவிட்டு, கடையில் வாங்கிய விரிப்பொன்றை இட்டேன். பாட்டனார் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கயிறு இறைத்த நீரில் விளைந்த புகையிலையும் வெங்காயமுமே என்னைப் படிக்கவைத்தன என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு மக்களாக நாங்களும் வெளியேறினோம். இடம்பெயர்ந்த இடத்திலேயே பாட்டனார் காலமானார். அடுத்த ஆண்டு திரும்பியபோது கிணறு இருந்தது. கொட்டிலும் இல்லை, கால்மிதியும் இல்லை.

நைலோன் கயிறு மலிந்துவிட்ட இக்காலத்தில், பழைய தும்புக்கயிறு தேடி, சென்ற ஆண்டு நானே ஒன்று தைத்தேன். முதன்முறை கடகமாகவே குழிந்தது. பிரித்து மீண்டும் தைத்தேன், படுத்தது. இப்போது அது எங்கள் முன்வாசலிற் கிடக்கிறது. எவர் வந்தாலும் நான் அதனை எடுப்பதில்லை.