வெட்டிய மண்ணும் கொட்டிய மண்ணும்

கொத்மலைப் பிரதேசத்தில் வீடு கட்டப் புகுகிறவன் முதலில் தரையையே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரிவின் மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டிக் கல் அடுக்கி நிறுத்தினால் ஒரு முற்றம் கிடைக்கும். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் அதில் பாதி யுகயுகமாய் இறுகிய மலை, மறுபாதி அண்மையில் வந்து சேர்ந்த மண். சிறிய வீடொன்று சுவரில் ஒரு வெடிப்போடு இந்தப் பேதத்தைச் சமாளித்துக்கொள்ளும். ஒரு தொன் நிறையுள்ள லேத் இயந்திரம் சமாளிக்காது.

தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பழைய ஆறடி லேத் ஒன்றைத் தம் வீட்டுக் கொட்டகையில் ஸ்தாபிக்கப்போகிறார் என்று கேள்வியுற்றே அங்கு சென்றேன். ஊரார் அவரைப் 'பாஸ்' என்று அழைக்கிறார்கள்; கைத்தொழிலில் தேர்ந்தவர்க்கெல்லாம் இலங்கையில் அதுவே பட்டம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டதையும், நாவலப்பிட்டிக்கு 1874இல் இருப்புப்பாதை வந்ததையும் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. மார்ஷல் என்றும் சிரொக்கோ என்றும் பெயர் பொறித்து வந்த ரோலர்களையும் உலர்த்திகளையும் கழற்றிப் பூட்டியே வித்தை பயின்ற தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை அது குறித்து வைக்கவில்லை. கொழுந்து வாடி முடிந்த வேளையில் ரோலரின் புஷ் தேய்ந்து நின்றுவிட்டால், புதியதைக் கடைந்து வர நகரத்துக்கு ஆள் போய்த் திரும்பும்வரை அந்தக் கொழுந்து காத்திராது. அருகிலே ஒரு லேத் வேண்டும் என்று பாஸ் நினைத்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

லொறி பெருவீதியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கொட்டகைக்குச் செங்குத்தான இறக்கம். ஏற்றத்தில் பாரத்தை இழுப்பது பிரயாசை. இறக்கத்தில் அதைத் தடுத்து நிறுத்துவதோ பிராணாபத்து. சக், டெயில் ஸ்டாக், மோட்டார் ஆகியவற்றை முன்கூட்டியே கழற்றி நிறையைக் குறைத்திருந்தார்கள். ஆயினும் தலைப்பக்கமே கனமுள்ளதாகையால், சற்றுச் சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும் சுபாவம் அதற்கு மாறவில்லை. தடித்த பலகையில் அதைப் பிணைத்து, கீழே இரும்புக் குழாய்களை உருளைகளாக இட்டு, வடத்தை மேலே நின்ற சவுக்கு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, வடத்தின் நுனியை ஒரு கிழவரிடம் கொடுத்தார்கள். மரப்பட்டையின் உராய்வே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கியது. கிழவர் வடத்தை விரற்கடை விரற்கடையாக நெகிழ்த்தினார். "அலவாங்கைக் கால்ல முட்டுக் கொடுக்காத தம்பி, நழுவினா கால் போயிரும்" என்று பாஸ் அதட்டியதைத் தவிர வேறு சத்தமே இல்லை. கூச்சல் போட்டு வேலை செய்பவர்களைக் கண்டு பழகிய எனக்கு அந்த மௌனம் மிகுந்த மரியாதையை உண்டாக்கிற்று.

கொட்டகையில் வெளிச்சம் வருவது கீழ்ப்புற ஜன்னலண்டை. யாரும் லேத்தை அங்கேதான் வைக்க நினைப்பார்கள். அதைக் கேட்டபோது பாஸ் சொன்னார்: "வெளிச்சத்துக்கு லைட்டுப் போட்டுக்கலாங்க ஐயா. அது மண்ணு கொட்டி மேடாக்கின இடம், ரெண்டு மழைக்கு இறங்கிரும்." ஆகவே மேல்மலைச் சுவரோரமாய், வெட்டிய தரையில் மட்டும் கம்பி கட்டிச் சீமெந்துத் தளம் இட்டு, அது வலுக்கொள்ள 28 நாட்கள் விட்டிருந்தார்.

அதன் பின்னர் நடந்ததே வேலையின் சாரம். லேத்தின் வார்ப்பிரும்புப் படுகை அசையாப் பொருளாகத் தோன்றினும், நான்கு கால்களில் ஒன்று மயிரளவு தாழ்ந்தாலும் தன் நிறையினாலேயே முறுக்கிக்கொள்ளும். முறுகிய படுகையில் கடைந்த தண்டு ஒருமுனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் வரும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்கு உதவாது. ஒரு மீற்றர் நீளத்தில் 0.02 மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வையும் காட்டும் மட்டத்தை இரவல் வாங்கி, படுகையின் இரு கோடிகளிலும் குறுக்கே வைத்து, கால்களுக்கடியில் மெல்லிய தகடுகளைச் செருகியும் உருவியும் நெடுநேரம் போராடினார்கள். கடைசிப் பரீட்சையாக, டெயில் ஸ்டாக்கின் துணையின்றிச் சக்கில் மட்டும் பிடித்த ஒரு தண்டை இலேசாகக் கடைந்து, மைக்ரோமீற்றரால் இரு முனைகளையும் அளந்தார் பாஸ். வித்தியாசம் இருந்தது. ஒரு காலை மட்டும் கடுகளவு உயர்த்தி, மறுபடி கடைந்து, மறுபடி அளந்தார். மழைக்காலம் கழிந்ததும் இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும் என்றார், சலிப்பேதுமின்றி.

மின்சாரம் சிறு விஷயம். வீட்டில் மும்முனை இணைப்பு இல்லாமையால் ஒருமுனை மோட்டார் பூட்டப்பட்டது. 1985 முதல் 201 மெகாவாற் மின்னுற்பத்தி செய்யத்தக்க நிலையம் இதே கொத்மலையில் இருக்கிறது என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவும் இயன்றது, பாஸுக்கு ஏழு பேர்ச் காணியும் அதன் உறுதியும் கையில் இருப்பதால்தான். அலவாங்கு பிடித்த அவருடைய சீடனோ தோட்டத்து லயத்தில் வசிக்கிறான். தொழில் கைவந்த பின்னும், தனதல்லாத தரையில் அவன் எவ்வாறு சீமெந்துத் தளம் இடுவான்? மலையகத்தில் காணி பகிரும் பொறுப்பிலுள்ளோர், உறுதிப் பத்திரத்தைத் தாமதமின்றி வழங்குவதோடு, ஒவ்வொரு துண்டிலும் வெட்டிய மண்ணில் ஒரு கொட்டகைக்கு இடம் விட்டு அளக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.