பின்பலகையில் ஓர் எண்

செய்த வேலைக்குக் கூலி வரவில்லையென்றால் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். காலக்கெடு விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம் கிடைக்கும். ஆனால் மேசன்மாரும் மெக்கானிக்மாரும் எழுத்தில் எதை வாங்குகிறார்கள்?

களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் குடியிருந்த என் கட்சிக்காரரும் வாங்கவில்லை. காரைநகர்க்காரர். நோர்வே உதவியோடு அங்கே எழுந்த சீநோர் தொழிற்சாலையில் மட் விரித்து, ரெசின் பூசி, பைபர் வள்ளம் கட்டிக் கை பழகியவர். சண்டைக்காலத்தில் கொழும்புக்கு வந்து, பக்கத்துக் காணியில் தகரக் கொட்டில் போட்டு, பழைய வேகப் படகுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பொல்கொட ஏரியில் படகு விடும் வசதியான ஆட்கள்தான் வாடிக்கை.

அவர் என்னிடம் வந்தபோது வேலை முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. மிச்சக் காசு வரவில்லை. படகு கொட்டிலிலேயே நின்றது. வெள்ளவத்தையில் கடை வைத்திருந்த உரிமையாளர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருந்தார்.

"படகைக் குடுக்கச் சொல்லிப்போட்டினம் ஐயா. குடுத்துட்டுக் காசுக்கு வழக்குப் போடுவமோ?"

"குடுத்தால் ரெண்டும் போச்சு அண்ணை."

இந்த நாட்டில் இன்னும் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பிறருடைய பொருளில் செலவழித்தவர் அந்தச் செலவு கைக்கு வரும்வரை பொருளைத் தடுத்து வைத்திருக்கலாம். பொருள் கையை விட்டுப் போனால் உரிமையும் போய்விடும். கட்டளைச் சட்டம் மறிப்பது வழக்குப் போடுவதை. கையில் இருப்பதைப் பிடித்து வைத்திருப்பதை அது தொடவில்லை என்பது என் வாதம். அதனால் நாங்கள் வழக்குப் போடவில்லை. இது சிவில் விவகாரம் என்று பொலிஸுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தோம். கல்கிசை மாவட்ட நீதிமன்றத்துக்கு உரிமையாளரே வழக்காளியாக வந்து சேர்ந்தார்.

அவருடைய வழக்குரை பெரிய கதை சொன்னது. படகு 1966இல் மியாமியில் கட்டப்பட்டதாம், பந்தயம் ஓடியதாம். என் கட்சிக்காரர் அதன் உள்ளுடலை வெட்டி எறிந்து பழமையை அழித்துவிட்டாராம். ஆகவே கூலி கிடையாது, நட்டஈடு வேண்டும்.

1966 என்று சொன்னதில் காரணம் இருந்தது. 1960இல் மியாமியிலிருந்து பஹாமாஸின் நசோவுக்கு நடந்த பந்தயத்தில், றேய் ஹன்ட் வரைந்த 'மொப்பி' என்ற மரப்படகு, கொந்தளித்த கடலில் எட்டு மணி நேரத்தில் போய் முதலாவதாக நின்றது. அதன் அடிப்பாகம் அணியத்திலிருந்து பின்பலகைவரை ஆழமான வீ வடிவம். அலையில் அறைபடாமல் வெட்டிக்கொண்டு போகும். அடுத்த வருடமே றிச்சர்ட் பேர்ட்ரம் அந்த வடிவத்தை 31 அடி பைபர் படகாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த டொன் அரோனோ போர்முலா, டொன்சி, மக்னம், சிகரெட் என்று கம்பனி மேல் கம்பனியாகத் தொடங்கிப் பந்தயக் கடலைக் கலக்கினார். (1987இல் அவர் மியாமியில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அந்த வழக்கை நடத்தியவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான்.) அறுபதுகளின் படகு என்றால் இன்றும் தேடி வாங்க ஆள் உண்டு. பத்து வருடம் பிந்தியதென்றால் மதிப்பு வேறு.

"பைபர் உக்காது" என்பது எதிர்த்தரப்பின் துருப்புச்சீட்டு. இழை உக்காது, உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் எஞ்சினைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்களும் பின்பலகையின் உட்பகுதியும் பிளைவூட். அதன்மேல் பைபர் ஒரு போர்வை, அவ்வளவுதான். ஏணி பூட்டப் போட்ட ஒரு திருகாணித் துளை போதும், தண்ணீர் உள்ளே இறங்க. அதிலும் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் பொல்லாதது. மரத்தைத் தின்னும் பூஞ்சணம் நல்ல தண்ணீரில்தான் செழிக்கும். இந்தப் படகோ வருடக்கணக்காக மூடாமல் மாமரத்தடியில் கிடந்தது.

வெட்டிய உக்கலை எல்லாம் என் கட்சிக்காரர் சாக்கில் கட்டி வைத்திருந்தார். ஏன் வைத்தீர் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "சொந்தக்காரன் பார்க்குமட்டும் எறியக்கூடாது. அவர் பார்க்க வரேல்லை" என்றார். சாட்சிக் கூண்டில் ஒரு துண்டை எடுத்துக் காட்டியபோது, அது தேயிலைத் தூள்போல் விரலிடுக்கில் உதிர்ந்தது. விசாரணை சிங்களத்தில் நடந்தது. அந்தத் துண்டுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

படகைப் பார்வையிட நீதிமன்றம் ஒரு கப்பல் பொறியியலாளரை அனுப்பியது. பின்பலகையின் வெளித்தோலை உடைக்காமல், உள்ளிருந்தபடியே உக்கலைச் சுரண்டி எடுத்துப் புதுப்பலகை ஒட்டியிருக்கிறார் என்று அவர் எழுதினார். பழமையை அழித்த கதை அங்கேயே ஆட்டம் கண்டது. அடுத்த பந்திதான் முக்கியம். வெளித்தோலின் வலப்பக்க மேல்மூலையில், பெயின்றுக்கு அடியில், 12 எழுத்தும் இலக்கமுமாக ஓர் அடையாள எண். ஒட்டிய தகடு அல்ல, வார்ப்பிலேயே வந்தது. படகுக்குப் படகு அப்படி ஓர் எண் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது 1972 நவம்பர் 1 முதல். கடைசி இடங்கள் காலத்தைச் சொல்பவை. இதில் இருந்தது 1974.

வழக்காளி யாரிடமோ கேட்டதை நம்பித்தான் 1966 என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். என் கட்சிக்காரருக்கு ஆண்டில் அக்கறையே இல்லை. "ஓட்டம் அடியில இருக்கு ஐயா, நம்பரில இல்லை" என்று ஏராவைத் தடவிக் காட்டினார். அந்த வீ வடிவம் அப்படியே இருந்தது. அதில் அவர் கை வைக்கவுமில்லை. படகாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் நட்டஈட்டுக் கோரிக்கை முழுவதும் 1966இல் கட்டியெழுப்பியது. எண் வெளிப்பட்ட பிறகு அது எழும்பவில்லை.

எங்களுக்கும் எல்லாம் கிடைக்கவில்லை. பழைய சட்டம் செலவை அவசியம், பயன், ஆடம்பரம் என்று பிரிக்கிறது. எஞ்சினைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்களும் பின்பலகையும் அவசியம். பளபளக்கும் பெயின்றும் ஸ்டெயின்லெஸ் கைப்பிடிகளும் ஆடம்பரம். உடன்பாடு இல்லாமல் செய்திருந்தால் அதற்காகப் பொருளைத் தடுத்து வைக்க முடியாது. உடன்பாட்டைக் காட்ட எங்களிடம் துண்டுக் கடதாசியும் இல்லை. நீதிபதி இரு தரப்புக்கும் இதைச் சாடையாகச் சொன்னார். காலக்கெடு பற்றிய என் வாதம் தீர்ப்புவரை போகவில்லை. சட்டத்தரணியாக எனக்கு அதில் ஏமாற்றம், கட்சிக்காரருக்கு நிம்மதி.

இணக்கத் தீர்ப்பு பதிவானது. மரவேலை, ரெசின், அதற்கான கூலி முழுவதையும் வழக்காளி இரண்டு தவணையில் செலுத்த வேண்டும். பெயின்றுக்கும் கைப்பிடிக்கும் ஒன்றுமில்லை. நட்டஈட்டுக் கோரிக்கை கைவிடப்படுகிறது. இரண்டாவது தவணை நீதிமன்றத்தில் கட்டப்பட்ட பின்னரே படகு கொட்டிலை விட்டு வெளியேறலாம்.