பாலராமபுரத்துக் கசவு

திருவனந்தபுரத்தின் கரமனைப் பாலத்தைக் கடந்து நாகர்கோவில் மார்க்கத்தில் சென்றால் வரும் பாலராமபுரத்தில், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் குடியேற்றப்பட்ட தமிழ்ச் சாலியர்களின் வம்சத்தார், தெருவிலே பாவை நீள விரித்துக் கஞ்சியிட்டுத் தூரிகையால் நீவி, பின் குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, கையாலேயே நாடா எறிந்து நெய்யும் வேஷ்டியின் கசவு என்னும் சரிகைக்கரை, முன்னும் பின்னும் ஒரேவிதமாய்ப் பிரகாசிப்பதைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தவர்களுக்கே அதன் மேன்மை விளங்கும்.

1935-ல் ஸ்ரீ சித்ரா சித்திரசாலையைத் திறந்து ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு ஆசனமளித்த நகரம் நமது திருவனந்தபுரம். நமது அக்கிரகாரத்து வீடொன்றின் கூடத்திலும், அந்த நெசவாளர்களையே உபசரித்து அழைத்து, சிறியதொரு கண்காட்சி நடத்த வேண்டுமென்பது என் நெடுநாள் அபிலாஷை. வஸ்திரங்களைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டலாகாது, தொட்டுப் பார்க்கவேண்டும். விற்ற பணம் முழுவதும் நெய்தவர் கைக்கே போகவேண்டும். ஓணத்துக்கு முன் கூடம் தர இசைபவர்கள் தயைகூர்ந்து எழுதுங்கள்.