சமோவாத் தீவின் விமானத் தராசு



வளைகுடாவுக்குப் புறப்படும் மகனுக்கோ உம்ராவுக்குச் செல்லும் பெற்றோருக்கோ நீங்கள் பெட்டி கட்டிக் கொடுத்திருப்பீர்கள். இரண்டு கிலோ கூடிவிட்டதென்று ஊறுகாய்ப் புட்டியை வெளியே எடுத்து வைத்திருப்பீர்கள். விமான நிலையத்தில் பெட்டிதான் தராசில் ஏறுகிறது. பெட்டிக்கு உரியவர் ஏறுவதில்லை. அவர் ஐம்பது கிலோ இருந்தாலும் நூற்றிருபது கிலோ இருந்தாலும் கட்டணத்தில் மாற்றமில்லை. 'பெட்டியில் கூடிய இரண்டு கிலோவுக்குப் பணம் கேட்பவர்கள், உடம்பில் கூடிய எழுபது கிலோவுக்கு ஏன் கேட்பதில்லை?' என்று மெலிந்த மனிதர் ஒருவர் வினவினால் என்ன விடை சொல்வீர்கள்?

இந்த வினாவைச் செயலிலேயே சோதித்துப் பார்த்த விமான நிறுவனம் ஒன்று ஒரு தீவு நாட்டில் இருந்தது. அந்த நாட்டுக்கு உங்களை இக்கட்டுரை வழியே அழைத்துச் செல்கிறேன். நூல்களும் செய்திகளுமே நமக்கு வாகனம்.

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் இடையே ஏறக்குறைய நடுவழியில் கிடக்கிறது சமோவா. எரிமலைகள் எழுப்பிய உபோலு, சவாயீ என்னும் இரண்டு பெரிய தீவுகளும் சில சிறு தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம். 1900 முதல் ஜெர்மனியும், 1914 முதல் நியூசிலாந்தும் ஆண்ட பின்னர், 1962 ஜனவரி முதல் நாளன்று அது விடுதலை பெற்றது. தலைநகர் ஆபியா, உபோலுவின் வடகரையில் இருக்கிறது. கிராமங்களில் 'ஃபாலே' எனப்படும் சுவரற்ற வீடுகளைக் காணலாம். தூண்களின் மேல் கூரை இருக்கும், மழை வந்தால் இறக்கிவிட ஓலைத் தட்டிகள் இருக்கும். காய்ச்சிய கற்களின் மேல் சேப்பங்கிழங்கையும் ஈரப்பலாவையும் மீனையும் அடுக்கி, இலைகளால் மூடி வேகவைக்கும் சமையல் இன்றும் வழக்கில் உள்ளது.

'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் இறுதிக் காலத்தை இங்கேதான் கழித்தார். 1894 டிசம்பரில் அவர் மறைந்தபோது, சமோவா மக்கள் காட்டை வெட்டி வழியமைத்து, அவருடைய உடலை வாயா மலையின் உச்சிவரை தோளிலேயே சுமந்து சென்றனர். அத்தகைய உடல் வலிமை கொண்ட மக்கள் அவர்கள். பருத்த உடலை அவர்கள் இழிவாகக் கருதியதில்லை. அது செழிப்புக்கும் கண்ணியத்துக்கும் அடையாளமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் உணவு மாறியது. கப்பல்களில் வந்த தகர டப்பா இறைச்சியும், சர்க்கரையும், ஆட்டின் கொழுப்பு மிகுந்த விலாப் பகுதியும், வான்கோழியின் வால் பகுதியும் கிழங்கின் இடத்தையும் மீனின் இடத்தையும் பிடித்துக்கொண்டன. செல்வ நாடுகளில் பலர் உண்ணாமல் ஒதுக்கிய பாகங்கள் அங்கே மலிவு உணவாக வந்திறங்கின. 2007இல் சமோவா அரசு வான்கோழி வாலின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆனால் 2012இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்காக அந்தத் தடையை விலக்கிக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று உடல் பருமன் மிகுந்த நாடுகளின் வரிசையில் சமோவா முன்னணியில் நிற்கிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உடலில் கொழுப்பைச் சேமித்து வைக்க உதவும் ஒரு மரபணு மாற்றம் சமோவா மக்களிடம் பரவலாக இருப்பதை ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். ஆகவே ஒருவருடைய எடை என்பது அவர் உண்ட உணவின் கணக்கு மட்டுமன்று. பிறப்பின் கணக்கும் வணிகத்தின் கணக்கும் அதில் கலந்திருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வாருங்கள்.

சமோவா ஏர் என்னும் சிறு நிறுவனம் 2012இல் தொடங்கப்பட்டது. அது பயணிகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதை விட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கியது. 2013 ஏப்ரலில் உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பற்றி எழுதின. பயணி சீட்டுப் பதிவு செய்யும்போதே தம் எடையையும் பெட்டியின் எடையையும் தெரிவிக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியோடு அவரும் தராசில் ஏற வேண்டும். இரண்டையும் கூட்டி, தூரத்துக்கேற்ற விலையால் பெருக்கினால் வருவதே கட்டணம்.

நிறுவனத்தின் தலைவர் கிறிஸ் லாங்டன் இதற்குச் சொன்ன நியாயத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன்: விமானம் இருக்கைகளைச் சுமந்து பறக்கவில்லை, எடையைச் சுமந்து பறக்கிறது, ஆகவே எடைக்கு விலை வைப்பதே நேர்மை, குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு இதனால் செலவு குறைகிறது.

அவருடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்நிறுவனம் பயன்படுத்திய விமானங்களுள் ஒன்று 'ஐலண்டர்' வகை. விமானியைத் தவிர ஒன்பது பேர் அமரக்கூடிய சிறு விமானம் அது. புறப்படும்போது அதன் மொத்த எடை ஏறக்குறைய மூன்று டன்னைத் தாண்டக் கூடாது. வெறும் விமானத்தின் எடையே 1,900 கிலோவுக்கு அருகில் வரும். எஞ்சும் 1,100 கிலோவுக்குள் விமானி, எரிபொருள், பயணிகள், பெட்டிகள் எல்லாம் அடங்க வேண்டும். ஒன்பது பேரும் கணக்கில் கொண்டதைவிட நாற்பது கிலோ கூடுதலாக இருந்தால் 360 கிலோ மிகுந்துவிடும். அந்தக் கூடுதலை அறியாமல் விமானத்தை மேலே எழுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

இது வெறும் அச்சமன்று. 2003 ஜனவரி 8ஆம் நாள் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று புறப்பட்டவுடன் விழுந்து, அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். வால்பகுதிக் கட்டுப்பாட்டைத் தவறாகப் பொருத்தியிருந்ததும், விமானத்தில் சுமை மிகுந்து அது பின்பக்கம் சாய்ந்திருந்ததும் காரணங்கள் என விசாரணையில் தெரிந்தது. பயணிகளை நிறுத்துப் பார்க்காமல், பழைய சராசரி எடையை வைத்தே சுமையைக் கணக்கிட்டிருந்தார்கள். மக்களோ அந்தச் சராசரியைவிடக் கனத்திருந்தார்கள். அதன் பின்னரே அமெரிக்க விமானத் துறை தன் சராசரிக் கணக்கை உயர்த்தியது.

எனவே தராசு பகையன்று. ஆனால் எடை போடுவது வேறு, விலை போடுவது வேறு. பாதுகாப்புக்காக ஒருவரை நிறுத்துப் பார்ப்பது அவர் உயிரைக் காப்பதற்கு. அந்த எண்ணைக் கொண்டே அவரிடம் கூடுதல் பணம் கேட்பதற்குத் தனியாக ஒரு நியாயம் வேண்டும். அது இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் பயணம் செய்வது ஐலண்டரில் அன்று. ஏர்பஸ் 320 போன்ற விமானம் புறப்படும்போது 78 டன் வரை இருக்கலாம். பக்கத்து இருக்கைக்காரர் உங்களைவிட இருபது கிலோ கூடுதல் என்றால், அது மொத்த எடையில் ஏறக்குறைய 3,900இல் ஒரு பங்கு. பெரிய விமானத்தில் எடையைக் காட்டிப் பணம் கேட்பதற்குக் கணக்கு துணை நிற்கவில்லை.

அங்கே உண்மையான சிக்கல் இடம். சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் பெரும்பாலும் 17 முதல் 18 அங்குலம். பருத்தவர் அதில் அமர்ந்தால் அவருக்கும் வேதனை, பக்கத்தில் இருப்பவருக்கும் வேதனை. பணம் கொடுத்து வாங்கிய இடத்தில் பாதியை இழந்து பல மணி நேரம் ஒடுங்கி உட்காருபவரின் உரிமையும் உரிமையே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இருக்கையின் அகலத்தை முடிவு செய்தவர் அந்தப் பருத்த மனிதர் அல்லர். வரிசைக்கு இத்தனை இருக்கை என்று தீர்மானித்த நிறுவனம்தான். சமோவா ஏர் நிறுவனமே இதை உணர்ந்து, 130 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்காக விமானத்தில் ஓர் அகலமான வரிசையை 2013இல் அமைத்தது.

மூன்றாவதாக மனிதர். கிலோ கணக்கில் கட்டணம் என்றால் அது யாரையெல்லாம் தொடும் என்று எண்ணிப் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நீர் கோத்து உடல் வீங்கிய சிறுநீரக நோயாளி, சவாயீ தீவிலிருந்து ஆபியாவின் பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது, தம் நோய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சலுகை தர வேண்டுமானால் வயதைப் பார்த்தே தரலாமே. அதற்குத் தராசு எதற்கு?

சமோவா ஏர் 2015இல் சேவையை நிறுத்திக்கொண்டது. ஆனால் அக்கேள்வி அத்தீவுகளை விடவில்லை. கிழக்கே விமானத்தில் அரை மணி நேரத் தொலைவில் அமெரிக்கச் சமோவா இருக்கிறது. 2011இல் சமோவா தன் நாட்காட்டியிலிருந்து டிசம்பர் 30ஐ நீக்கி, தேதிக்கோட்டின் மேற்குப் பக்கம் வந்துவிட்டதால், அங்கே போய் இறங்குபவர் நேற்றைய தினத்தில் இறங்குகிறார்! அந்தத் தீவின் பாகோ பாகோ நகருக்கும் ஹொனலூலுவுக்கும் இடையே 2016இல் ஹவாயன் ஏர்லைன்ஸ் பயணிகளை நிறுத்துப் பார்த்தது. சுமையைச் சமமாகப் பரப்புவதற்காக, இருக்கைகளை விமான நிலையத்தில்தான் ஒதுக்குவோம் என்றது. கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும், 'எங்கள் தடத்தில் மட்டும் இது ஏன்?' என்று அத்தீவினர் அமெரிக்க அரசிடம் முறையிட்டனர். காசு கேட்காத தராசே இப்படிப் புண்படுத்துமானால், காசு கேட்கும் தராசு என்ன செய்யும்?

பிற நாடுகள் கண்ட வழிகளையும் பாருங்கள். கனடாவின் போக்குவரத்து முகமை 2008 ஜனவரியில் 'ஒரு நபருக்கு ஒரு கட்டணம்' என்று தீர்ப்பளித்தது. உடல் பருமனால் செயல்பட இயலாதவர்கள் உட்பட, ஊனத்தின் காரணமாகக் கூடுதல் இருக்கை தேவைப்படுவோரிடம், உள்நாட்டுப் பயணத்தில் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கு முயன்றன. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை. செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் முகமை கணக்கிட்டிருந்தது: ஏர் கனடாவுக்குச் சீட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட். எல்லாரும் சில காசுகளைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் தலையில் இரண்டாவது சீட்டின் முழு விலையும் விழுவதில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் இதற்கு எதிர்த் திசையில் சென்றது. இரண்டாவது இருக்கையின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவந்த அது, 2026 ஜனவரி 27 முதல், முன்கூட்டியே வாங்க வேண்டும், விமானம் நிறையாதபோதுதான் பணம் திரும்பும் என்று மாற்றிவிட்டது.

வாசகர்களே! இவ்விரண்டில் கனடாவின் வழியே நேரானது என்பது என் துணிபு. சிறு விமானத்தில் எல்லாரையும், வேறுபாடின்றி, பிறர் கண்ணில் படாமல் நிறுத்துப் பார்க்கட்டும். பெரிய விமானத்தில் தேவைப்படுவோருக்கு இரண்டாவது இருக்கையை ஒதுக்கட்டும்; செலவைப் பொதுவில் ஏற்கட்டும். அப்போது பருத்தவருக்கும் மதிப்பு உண்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் இடம் உண்டு.

நாளை உங்கள் பக்கத்தில் பருத்த ஒருவர் வந்து அமர்ந்தால், பெருமூச்சு விடாதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், உடன் வரும் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள். தமக்கு இடம் போதாது என்பதை உங்களுக்கு முன்பே அவர் அறிவார். இடம் நெருக்கினால் விமானப் பணிப்பெண்ணிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ஊர் சேர்ந்தபின் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் அந்த மனிதரைப் பற்றி எழுதாதீர்கள். இருக்கையின் அகலத்தைப் பற்றி எழுதுங்கள்.