அறுகம்பை அலைகளும் ஒன்பதடிப் பலகையும்

இலங்கைத் தீவின் கீழ்க்கரையில், அம்பாறை மாவட்டத்தின் தென்பகுதியில், பொத்துவில் என்னும் பழமையான ஊர் அமைந்துள்ளது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் ஊர் அது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், பிறை வடிவாய் வளைந்து கிடக்கிறது அறுகங்குடா. அறுகம்புல்லின் பெயரால் வழங்கும் இக்குடாவை இன்று உலகம் அறுகம்பை என்று அறிந்திருக்கிறது. அலைச்சறுக்கு விளையாட்டில் நாட்டமுடையோர் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இவ்விடம் தேடி வருகின்றனர்.

கொழும்பிலிருந்து வருவோர் இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகச் சுமார் 320 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். சியம்பலாண்டுவையைக் கடந்ததும் லாகுகலைக் காடு குறுக்கிடும். யானைகள் நடமாடும் சாலை ஆதலால் பொழுது சாய்வதற்குள் அதைத் தாண்டிவிடுவது நன்று. காடு முடிந்ததும் வயல்கள். வயல்கள் முடிந்ததும் களப்பு. களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் கடலோசை காதில் விழும். மீன்பிடிப் படகுகளும், கடற்கரைப் பள்ளிவாசலும், விருந்தினர் விடுதிகளும் அடுத்தடுத்து நிற்கும் ஊர் நம்மை வரவேற்கும்.

கச்சான் காலத்துக் கடல்

இங்கே அலைச்சறுக்குக்கு ஏற்ற பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரையாகும். அக்காலத்தில் இந்துமாக் கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் நீண்ட அலைத்தொடர்களை வடக்கு நோக்கி அனுப்புகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் அவை, தீவின் தென்கரையைச் சுற்றி வளைந்து கீழ்க்கரையைத் தொடுகின்றன. அதே பருவத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்வரும் காற்று அலையின் முகத்தைத் தடவிச் சீராக்கி, அது உடனே சரிந்துவிடாமல் தாங்கி நிற்கச் செய்கிறது. சுபுஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் நேரமே இதற்கு மிகச் சிறந்தது என்பர். பொழுது ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி நீர்ப்பரப்பைக் குலைத்துவிடும்.

குடாவின் தென்முனையில், பாறைத்தளத்தின் மேல் எழும் அலையே ஊரின் பெரிய அலை. அது கரையை நேரே வந்து மோதுவதில்லை. முனையில் உடையத் தொடங்கி, குடாவின் வளைவையொட்டி வடக்கு நோக்கி ஒரு நீண்ட துணியைச் சுருட்டுவது போல் உடைந்துகொண்டே செல்கிறது. அதனுள்ளே, குடாவின் அமைதியான பகுதியில், புதிதாய்க் கற்போர் பயிலும் சிறு அலைகள் உண்டு. வடக்கே பொத்துவில் முனையில், மணற்பரப்பின் மேல், அமைதியான நீள அலைகள் கிடைக்கும். எல்லா அலையும் ஒரே குணமுடையதன்று என்பதை வருவோர் முதலில் உணர வேண்டும்.

அலை செங்குத்தாவது எவ்வாறு?

ஆழ்கடலில் அலை தாழ்ந்த மேடாகவே நகர்கிறது. தரை மேலெழும் இடத்தில் அதன் அடிப்பகுதியின் வேகம் குறைய, பின்னால் வரும் நீர் முன்னதன்மேல் குவிந்து அலை உயர்கிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. அதாவது 6 அடி அலை சுமார் 8 அடி ஆழத்தில் உடையும். மணல்தரை மெல்ல உயருமிடத்தில் அலை சாய்வாகக் கரைந்து நுரைக்கும். பாறை திடீரென உயருமிடத்தில் சுவர்போல் நிமிர்ந்து, முடிப்பகுதி முன்னே வளைந்து விழும். அறுகம்பைத் தென்முனையில், கடல் வலுத்த நாட்களில், இந்தச் சுவரைக் கரையிலிருந்தே காணலாம்.

இனிப் பலகைக்கு வருவோம். 9 அடியும் அதற்கு மேலும் நீளமுடைய பலகையை நெடும்பலகை என்பர். அது நன்கு மிதக்கும். கையால் துழாவும்போது விரைந்து செல்லும். மெல்லிய அலையைக்கூட எளிதில் பற்றிக்கொள்ளும். எனவே கற்பவருக்கும் வயது முதிர்ந்தவருக்கும் உகந்தது. ஆயினும் அந்நீளமே செங்குத்தான அலையில் இடராகிறது. அலையின் முகம் உட்குழிந்திருக்க, பலகையோ ஏறக்குறைய நேராக இருக்கிறது. வால் அலையின் முடியில் உயர்ந்து நிற்கையில், முன்முனை அடிவாரத்து நீரில் குத்திவிடுகிறது. குத்திய பலகை நின்றுவிடும். அதன்மேலிருப்பவர் முன்னே தூக்கியெறியப்படுவார்.

இச்சிக்கல் புதியதன்று. அலைச்சறுக்கின் தாயகமான ஹவாய்த் தீவுகளில், 1930களில், இளைஞர் சிலர் அகன்ற வாலுடைய கனத்த மரப்பலகைகளுடன் செங்குத்தான அலைகளில் இறங்க முயன்றனர். பலகையின் வால் பிடிப்பின்றிப் பக்கவாட்டில் வழுக்கியது. அவர்கள் கோடரியால் வாலைச் செதுக்கிக் குறுக்கி, அடிப்பகுதியைக் கூராக்கினர். பலகை அலையின் முகத்தைப் பற்றிக்கொண்டது. 1935இல் டாம் பிளேக் என்பவர் பலகையின் அடியில் மீன்சிறகு போன்ற தகட்டைப் பொருத்தினார். இன்றைய பலகைகள் அனைத்தும் இவ்விரு திருத்தங்களின் வழிவந்தவையே.

ஓர் இளைஞரின் பாடம்

நாங்கள் தங்கிய வீட்டின் இளைய மகன் இக்கலையைப் பயிற்றுவிப்பவர். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். செங்குத்தான அலையில் நெடும்பலகையுடன் இறங்கும் முறையை மணலில் கோடு கிழித்து அவர் எனக்கு விளக்கினார்.

"படகு எண்டா அலைக்கு நேரே முனையைக் குடுக்கணும், காக்கா. பலகை எண்டா சாய்ச்சுத்தான் குடுக்கணும்" என்று தொடங்கினார்.

அவர் கூறியவற்றின் சாரம் இது. முதலாவது, இடம். குறும்பலகையினர் காத்திருக்கும் இடத்துக்குச் சற்று வெளியே, ஆழமான பகுதியில் நெடும்பலகையினர் அமர வேண்டும். அலை நிமிர்வதற்கு முன்பே துழாவத் தொடங்கி, அதன் வேகத்தைத் தம் வேகம் நெருங்கும்படி செய்ய வேண்டும். அலை சுவராகும் முன் அதன்மேல் ஏறிவிட்டவருக்குச் செங்குத்து என்னும் தொல்லை பாதி குறைந்துவிடும்.

இரண்டாவது, சாய்வு. முனையைக் கரைக்கு நேராக வைத்தால் அது அடிவாரத்தில் குத்தும். அலை உடைந்து செல்லும் திசை நோக்கி, அறுகம்பையில் வலப்புறமாக, துழாவும்போதே சற்றுத் திருப்பிவிட வேண்டும். மலைச்சரிவில் நேரே இறங்காமல் குறுக்காகப் பாதை வெட்டுவதைப் போன்றது இது. அலையின் பக்கமுள்ள விளிம்பு நீரைப் பற்ற, முன்முனை விடுபட்டு நிற்கும்.

மூன்றாவது, உடற்பாரம். வால் உயரும் கணத்தில் நெஞ்சைத் தாழ்த்திப் பலகையை அலைக்குள் செலுத்த வேண்டும். அது வழுக்கத் தொடங்கியதும் உள்ளங்கைகளை விலாவருகே ஊன்றி நெஞ்சை நிமிர்த்த வேண்டும். பாரம் பின்னே நகர, முனை எழும்பும். அளவுக்கு மீறிப் பின்னே சாய்ந்தாலோ பலகை தயங்கி நிற்க, அலையின் முடி ஆளையும் சேர்த்துச் சுருட்டிக் கீழே எறியும்.

நான்காவது, எழுதல். முழந்தாளிட்டுப் படிப்படியாய் எழ அங்கே அவகாசமில்லை. ஒரே அசைவில் எழ வேண்டும். பின்னங்கால் அடித்தகட்டுக்கு மேலே பதிய, முழங்கால்கள் மடிந்திருக்க, பார்வை செல்லும் திசையில் நிலைக்க வேண்டும். கீழே குழியைப் பார்ப்பவரின் உடலும் குழியை நோக்கியே சாயும் என்பது அவர் தம் மாணாக்கருக்கு நாள்தோறும் கூறும் எச்சரிக்கை. இந்த எழுச்சியை மணலில் ஐம்பது முறை செய்யாதவரை அவர் தென்முனைக்கு அழைத்துச் செல்வதில்லை.

"பயம் இருக்கட்டும், காக்கா. பயம் இல்லாதவனை நான் கூட்டிப் போறதில்ல. இறங்குற நேரத்தில தயங்கினாத்தான் ஆபத்து. விடுறதா இருந்தா முதல்லயே விட்டிரணும்" என்றார் அவர்.

அலை தமக்கு உரியதன்று என்று கண்டால், பலகையின் மேல் நிமிர்ந்து அமர்ந்து, விளிம்புகளைப் பிடித்துப் பின்னே இழுத்து, அலையைத் தமக்குக் கீழே போகவிட வேண்டும். அது தோல்வியன்று. அடுத்த அலை வந்தே தீரும்.

விழும் முறையும் விட்டுக்கொடுக்கும் முறையும்

விழ நேர்ந்தால் தலைகீழாகப் பாயக் கூடாது. தென்முனையின் அடியில் பாறையும், முள் நிறைந்த சிறு கடலுயிர்களும் உள்ளன. உடலைத் தட்டையாக விரித்து விழுந்து, இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். பலகை 9 அடி, அதைக் காலுடன் பிணைக்கும் கயிறு 9 அடி. ஆக, விழுந்தவரைச் சுற்றி 18 அடி தூரம் வரை அப்பலகை பிறரைத் தாக்கக்கூடும். பின்னே எவரேனும் உளரா என்று பாராமல் அதைக் கைவிடுவது பெரும் பிழை.

அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகே இருப்பவருக்கே அந்த அலை உரியது என்பது உலகெங்கும் வழங்கும் நெறி. நெடும்பலகையினருக்கு வெளியிலிருந்தே எல்லா அலைகளையும் பற்ற இயலும். ஆதலால் அவர்கள் பிறருக்கும் விட்டுக்கொடுத்தல் கடன். கையில் இருக்கும் வசதியை அடக்கி ஆள்பவரையே அவ்வூர்ப் பிள்ளைகள் நல்ல சறுக்காளர் என மதிக்கின்றனர்.

உம்மாவின் அனுமதி

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையை அழித்துச் சென்றதை வாசகர்கள் அறிவார்கள். இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. 10,000க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். களப்பின் மேலிருந்த பழைய பாலம் சிதைந்தது. புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. நாங்கள் தங்கிய வீட்டின் மூத்த மகனும் அன்று கடலோடு போனவர்களில் ஒருவர்.

இளைய மகனைக் கடலுக்குள் விட எவ்வாறு மனம் வந்தது என்று அந்தத் தாயிடம் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "கடலோட கோவிச்சுக்கொண்டு எங்க போக ஏலும், மகன்? சோறு அதுக்குள்ளதானே கிடக்கு. கடல் தெரியாத பிள்ளைக்குத்தான் நான் கூடப் பயப்படுவன்" என்றார். அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு: தனியே போகக் கூடாது, மஃரிபுக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் மகன் மீறியதில்லை.

ஆழிப்பேரலை வேறு, நாள்தோறும் எழும் காற்றலை வேறு. எனினும் கடலை உற்றுநோக்கிப் பழகிய கண்ணுக்கு அதன் இயல்பும், இயல்பு பிறழ்வதும் விரைவில் புலப்படும். நீந்தவும், நீரோட்டத்தை அறியவும், விழுந்தால் எழவும் கற்ற பிள்ளை கரையோர வீட்டிற்கு ஒரு காவல். பெண்மக்களும் இதில் பின்தங்கவில்லை. 2018இல் அறுகம்பையில் மகளிர் அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தோன்றியது. கடல் ஆடவருக்கே உரியது என்றிருந்த ஊரில் அது சிறு மாற்றமன்று.

அறுகம்பை செல்லும் குடும்பத்தினருக்குச் சில சொற்கள். நீந்தத் தெரியாதவர் பலகையைத் தொட வேண்டாம். முதல் நாட்களில் குடாவின் உட்பகுதியே போதும். தென்முனையின் பெரிய அலையைக் கரையிலிருந்து கண்டு மகிழலாம். உள்ளூர்ப் பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளுங்கள்; அவர்கள் அறிந்த கடலை நூல்கள் அறியா. பிள்ளைகள் ஆர்வம் காட்டினால் உடனே மறுத்துவிடாதீர்கள். அந்தத் தாய் விதித்ததைப் போன்ற இரண்டு நிபந்தனைகளுடன் அவர்களை மணலில் நிறுத்தி, எழப் பழக்குங்கள். இறைவன் நாடினால், அலை தானாகவே அவர்களைத் தேடி வரும்.